பழைய ரேஞ்ச்ஃபைண்டருக்கு ட்ரிகர் வைண்டர் வாங்கப் போகிறீர்களா? கேமராவை முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகிற எரிச்சல் தெரிந்திருக்கும். ஒரு அம்மா கூடையைத் தூக்குகிறார், ஒரு கிளிக். கூடை கவிழ்ந்து மீன் சரிகிறது, ஏலம் கூறுகிறவர் சட்டென்று திரும்புகிறார். எடுக்க வேண்டிய படம் அதுதான். ஆனால் என் லைக்கா 3சி (லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனித் துளை வழியாக ஃபோகஸ் பார்க்கிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா) அந்நேரம் கண்ணிலிருந்து இறங்கி நெஞ்சுக்கு வந்திருக்கும். இரண்டு விரல், பிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் குமிழைத் திருகிக்கொண்டிருக்கும். திருகி முடித்து, கண்ணுக்கு ஏற்றி, ஒரு துளையில் ஃபோகஸ் பார்த்து, பக்கத்துத் துளையில் சட்டம் பார்ப்பதற்குள் அந்த அம்மா காசை எண்ணிக்கொண்டிருப்பார்.

இதற்காகத்தான் ட்ரிகர் வைண்டர். கேமராவின் அடித்தட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்ட வேண்டும். அடியில் மடங்கிக் கிடக்கும் ஒரு சின்ன லீவரை விரித்து, இடது கை விரலால் ஒரே இழுப்பு இழுத்தால் பிலிம் ஒரு ஃப்ரேம் நகரும், ஷட்டரும் ஏறி அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். வலது கை பட்டனை விட்டு நகர வேண்டாம், கண் வ்யூஃபைண்டரை விட்டு நகர வேண்டாம். பேட்டரி இல்லை, மோட்டார் சத்தமும் இல்லை.

நான் இதை வாங்கிய வழியில் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். நீங்கள் ஏமாற வேண்டாமே என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு இது வேண்டுமா?

பலர் வேகத்துக்காக வாங்குகிறார்கள். அது சரியான காரணம் இல்லை என்பது என் அபிப்பிராயம். 36 படம் உள்ள ரோலை ஒரு நிமிடத்தில் தீர்க்க இன்றைக்கு விற்கிற பிலிம் விலையில் யாருக்கு மனசு வரும்? ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டு பிலிம் தயாரான காலம் வேறு. இந்தக் கருவியால் கிடைப்பது, அடுத்த படம் வரும்வரை கண்ணை எடுக்காமல் காத்திருக்கிற வசதி.

கையில் இருக்கிற கேமராவிலேயே ஒரு ரோல் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகும்போது எதையாவது தவறவிட்டீர்களா என்று மனசுக்குள் எண்ணுங்கள். வைத்திக்குப்பத்தில் மாசி மகத் தீர்த்தவாரி, தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பு, கிராண்ட் பஜார் மீன் கடை என்று ஆள் நடமாட்டத்தை எடுப்பவராக இருந்தால் ஏழெட்டுத் தடவையாவது உதட்டைக் கடித்திருப்பீர்கள். பாடலீஸ்வரர் கோயில் தூண்களையும் பிரெஞ்சுக்காரர் கட்டிய மஞ்சள் சுவர்களையும் எடுப்பவராக இருந்தால் பணத்தை பிலிமுக்கு வையுங்கள். தூண் எங்கும் ஓடாது.

1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்துவிட்டார். அசையாமல் அமர்ந்திருக்கிற ஒருவரை எடுப்பதற்கு யாருக்கும் வைண்டர் தேவைப்படாது. அவரைப் பார்க்க வெளியே வரிசையில் நிற்கிற கூட்டத்தை எடுக்கத்தான் தேவைப்படும்.

படி 2: கவிழ்த்துப் போட்டு அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டியதால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

"லைக்கா திருகு மவுண்ட் உடல்களுக்கான லைக்காவிட்" என்று போட்டிருந்ததை நம்பி வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். லைக்காவிட் என்பது லைக்கா கம்பெனியின் ட்ரிகர் வைண்டர்; திருகு மவுண்ட் என்றால் லென்ஸைத் திருகி மாட்டும் பழைய வகை; உடல் என்றால் லென்ஸ் இல்லாத கேமரா. பொட்டலம் வந்ததும் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து உட்கார்ந்தேன். ஒரு முனை கொக்கியில் அழகாக மாட்டியது. மறுமுனை உட்காரவில்லை. தட்டின் விளிம்பு உடலின் விளிம்பைத் தாண்டாமல் ஒரு நெல்மணி அகலத்துக்கு உள்ளேயே நின்றது. அழுத்திப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். உள்ளே அடைத்திருந்த இனாமல் பெயின்ட் வாசனை மட்டும் வந்தது.

புதுச்சேரியில் பழைய கேமராக்களைப் பிரித்து மாட்டுகிற பெரியவர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். தட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"தம்பி, மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்து வாங்கினீங்களா?"

"ஆமாங்கய்யா. லைக்கான்னுதானே போட்டிருக்கு. நம்பரும் சரியாத்தான் இருந்துச்சு."

"நம்பரை எவன் வேணா வெட்டுவான். மூணு மில்லிமீட்டரை வெட்ட முடியுமா? கவுத்துப் போட்டு ஸ்கேல வையிங்க."

வைத்தேன். விஷயம் இதுதான்: 3பி வரையிலான லைக்கா உடல்கள் சுமார் 133 மி.மீ. நீளம். 1940இல் வந்த 3சியிலிருந்து உடலை வார்ப்பில் செய்யத் தொடங்கினார்கள், நீளம் சுமார் 136 மி.மீ. ஆகிவிட்டது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கையில் எடுத்தாலும் பழகாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அடித்தட்டுக்குத் தெரியும். நான் வாங்கியது போருக்கு முந்தைய வைண்டர், என் உடலோ 3சி.

ஆக, விற்பனைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உடலின் நீளம் மி.மீ. கணக்கில். மாடல் பெயர், மேலே பொறித்திருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் வ்யூஃபைண்டர், வேகக் குமிழ், ஃப்ளாஷ் இணைப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டு. மூன்றாவது, அடித்தட்டைக் கழற்றினால் தெரியும் பிலிம் சுருள் தண்டின் நுனி. வைண்டர் கவ்வுவது அந்தத் தண்டைத்தான். அதைக் கவ்வுவதற்கான வெட்டு நுனியில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நீளம் சரியாக இருந்தும் இந்த வெட்டு இல்லையென்றால் வைண்டர் வெறும் அலங்காரம்.

சண்டே மார்க்கெட்டில் "லைக்கா" என்று யாராவது நீட்டினால் இன்னொரு வேலையும் உண்டு. லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்புறம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரின் கை நீண்டிருக்கும். அசல் லைக்காவில் அதன் நுனியில் உருளும் சின்னச் சக்கரம் இருக்கும். சக்கரம் இல்லாமல் நுனி திட உலோகமாக இருந்தால் அது பெரும்பாலும் லைக்கா முகமூடி போட்ட சோவியத் ஃபெட் அல்லது ஸோர்க்கி. மோசமான கேமரா இல்லை, படம் நன்றாகவே வரும். ஆனால் லைக்காவிட் அதற்கு ஆகாது.

படி 3: உங்கள் உடலுக்கு எது?

*லைக்கா திருகு மவுண்ட், 3பி வரை.* 1930களில் வந்த முதல் லைக்காவிட், குறியீட்டுப் பெயர் ஸ்க்நூ. நான் தவறாக வாங்கியது இதைத்தான். இந்தப் பழைய உடல்களில் தண்டின் நுனியைப் பார்ப்பது இரண்டு மடங்கு முக்கியம்.

*3சி முதல் 3ஜி வரை.* 1950களில் வந்த ஸ்யூம். என்னிடம் இப்போது இருப்பது இது. உடலின் விலைக்கு நிகராக, சில சமயம் அதற்கு மேலேயே விலை சொல்வார்கள். கொடுக்கலாமா என்றால், 3எஃப் உடலும் நல்ல லென்ஸும் ஏற்கெனவே சர்வீஸ் செய்து கையில் இருந்தால் மட்டும். சர்வீஸ் செய்யாத உடலுக்கு வைண்டர் வாங்குவது, டயர் தேய்ந்த வண்டிக்கு ஏர் ஹார்ன் மாட்டுவது போல.

*லைக்கா எம் வரிசை.* குழப்பம் அதிகம் இங்கேதான். 1954இல் வந்த எம்3க்குக் குமிழ் இல்லை, லீவர் உண்டு. தொடக்கத்தில் இரண்டு இழுப்பு, பிறகு ஒரே இழுப்பு. அழகான கேமராதான், ஆனால் உள்ளே மாற்றம் செய்யாமல் லைக்காவிட் அதில் வேலை செய்யாது. எம்4ம் எம்5ம் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950களின் எம்பி என்ற மாடலுக்காகச் செய்த லைக்காவிட் எம்2வில் பொருந்தும். 1970களின் இறுதியில் வந்த எம்4-2விலிருந்து வைண்டருக்கான இணைப்பை உடலிலேயே வைத்துவிட்டார்கள். அதனால் எம்4-பி, எம்6, 2003இல் வந்த புதிய எம்பி என்று போகிறவர்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. இவற்றுக்கு மின்சார வைண்டரும் உண்டு. எனக்குப் பிடிக்காது. சத்தம் கேட்டு மீன்காரம்மா திரும்பிவிடுவார்.

லீவர் உள்ள எம்முக்கு ட்ரிகர் எதற்கு என்று கேட்கலாம். வலது கண்ணால் பார்ப்பவர்களுக்கு அவ்வளவு அவசியம் இல்லை. இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு லீவரைத் தள்ளும் கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் முகத்தில் இடிக்கும். அவர்களுக்கு இது சொகுசு இல்லை, தேவை.

*கேனான்.* கையில் பணம் குறைவு, ஆனால் ட்ரிகர் ஆசை விடவில்லை என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். 4எஸ்பி போன்ற அடிவழியாக பிலிம் போடும் கேனான்களுக்குத் தனி ரேபிட் வைண்டர் உண்டு. அதைத் தேடி அலைவதைவிட, ட்ரிகரை உடலிலேயே வைத்துச் செய்த கேனான் வி.டி (1956), அதன் டீலக்ஸ் வடிவம் (1957), வி.ஐ-டி (1958) இவற்றில் ஒன்றை வாங்கலாம். தனி வைண்டர் பொருந்துமா என்ற கேள்வியே எழாது. பின்கதவு திறக்கும், பிலிம் போடுவதும் சுலபம். லைக்காவின் திருகு லென்ஸ் அப்படியே ஏறும். கேனான் வைண்டரை லைக்காவில் மாட்டிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

*மற்றவை.* ஜப்பானின் ரிக்கோ 500இல் அடியில் ட்ரிகர் உண்டு. லென்ஸ் மாற்ற முடியாது, ஆனால் விலை மலிவு. பழகிப் பார்க்க நல்லது. சோவியத்தின் லெனின்கிராத்துக்குச் சாவி கொடுக்கும் ஸ்பிரிங் மோட்டார். சாவி கொடுத்துவிட்டால் பட்டனை அழுத்த அழுத்த பிலிம் தானாக ஓடும், திருகு லென்ஸும் ஏறும். ஆனால் ஸ்பிரிங் போய்விட்டால் இந்தப் பக்கம் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். நிக்கான் எஸ்பிக்கு 1957இலேயே மின் மோட்டார் வந்துவிட்டது. அதன் விலை சேகரிப்பாளர்கள் சமாசாரம், நமக்கு வேண்டாம்.

படி 4: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

நேரில் பார்க்க முடியாதபோது விற்பவரிடம் வீடியோ கேளுங்கள். படம் போதாது. லீவரை மெதுவாக இழுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். விட்டதும் அது தானாக, தயங்காமல் திரும்பிவந்து படுக்க வேண்டும். நடுவழியில் நின்று, விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் உள்ளே ஸ்பிரிங் களைத்திருக்கிறது, அல்லது பழைய கிரீஸ் கோந்தாகிவிட்டது. கோந்தானால் சுத்தம் செய்யலாம். ஸ்பிரிங் போனால் சிரமம்.

அடுத்தது, உங்கள் உடலின் அதே மாடலில் மாட்டி ஷட்டர் ஏறுவதைக் காட்டச் சொல்லுங்கள். "இதே மாதிரி உடல் இப்போது என்னிடம் இல்லை" என்று பதில் வந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது விலகுங்கள். தட்டின் உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூட்டுச் சாவி முழுதாகச் சுற்ற வேண்டும், விளிம்பு வளைந்திருக்கக் கூடாது. ஒருமுறை கீழே விழுந்த தட்டில் ஒளி கசியும். மேலே இருக்கிற கீறலைப் பற்றி மட்டும் கவலையே படாதீர்கள். கீறல் உள்ளது மலிவாகக் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருவதற்கு சுங்க வரி தனி. அதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

படி 5: வீணாய்ப்போன ரோலில் சோதனை

காலாவதியான ரோல் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிவழியாக பிலிம் போடும் லைக்காவுக்கு பிலிமின் நாக்கை, அதாவது டப்பாவுக்கு வெளியே நீட்டியிருக்கும் முன்முனையை, சுமார் 10 செ.மீ. நீளத்துக்குப் பாதி அகலமாக வெட்ட வேண்டும். இப்போது வருகிற ரோல்களின் நாக்கு குட்டை. வெட்டாமல் திணித்தால் பிலிம் உள்ளே சிக்கித் துணுக்கு ஷட்டரில் போய்விடும். வெட்டும்போது கத்தரி துளையின் நடுவே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி துளையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

பிலிமைப் போட்டு வைண்டரை மாட்டியதும் பிலிம் திருப்பும் குமிழை மெதுவாகச் சுற்றி, தளர்வை எடுங்கள். பிறகு ட்ரிகரை ஒருமுறை இழுங்கள். அந்தக் குமிழ் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால் பிலிம் நகர்கிறது. சுற்றாவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள், திறந்து பாருங்கள். திருவிழா முழுவதும் வெறும் கேமராவை இழுத்துக்கொண்டிருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். யார் என்று கேட்காதீர்கள்.

இனி இடைவெளிச் சோதனை. லென்ஸைக் கழற்றி, வேகத்தை 'பி'யில் வைத்து பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கூர்மையில்லாத பென்சிலால் சட்டத்தின் உள் விளிம்பை பிலிம்மேல் மெல்லக் கோடிடுங்கள். ஷட்டரின் திரையில் பென்சில் படவே கூடாது. பட்டனை விட்டு, ட்ரிகரை இழுத்து, அடுத்ததற்கும் இதையே செய்யுங்கள். ஆறேழு ஆனதும் பிலிமை வெளியே எடுத்து வெளிச்சத்தில் துளைகளை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேமின் இடது கோட்டிலிருந்து அடுத்ததின் இடது கோட்டுக்குச் சரியாக எட்டுத் துளை இருக்க வேண்டும். அதாவது 38 மி.மீ.: படம் 36, இடைவெளி 2. எல்லாவற்றிலும் எட்டு வந்தால் வைண்டரும் உடலும் ஒத்துப்போகின்றன. ஒன்றில் எட்டு, ஒன்றில் எட்டே கால் என்று தள்ளாடினால் முதலில் உங்கள் இழுப்பைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் கருவியை. எனக்கு முதல் சோதனையில் மூன்றாவது ஃப்ரேம் இரண்டாவதன்மேல் ஏறியிருந்தது. பாதி இழுப்பில் லீவரை விட்டுவிட்டிருக்கிறேன்.

படி 6: கைப்பழக்கம்

இழுப்பு முழுசாக இருக்க வேண்டும், வெடுக்கென்று இருக்கக் கூடாது. சீராக இழுத்து, எல்லை தட்டியதும் நின்று, லீவர் திரும்பிப் படுத்த பிறகு பட்டன். நான் நடுவிரலால் இழுப்பேன், ஆள்காட்டிவிரல் லென்ஸின் ஃபோகஸ் குமிழில் இருக்கும். வீட்டில் பிலிம் போடாமல் நூறு தடவை இழுத்துப் பழகினால் விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். திருகு மவுண்ட் லைக்காவில் வேகத்தை மாற்றுவது எப்போதும் இழுத்த பிறகுதான், இழுக்கும் முன் இல்லை. அந்தக் குமிழ் ஷட்டரோடு சேர்ந்து சுற்றுகிறது.

ரோல் தீரும் நேரம் ஆபத்தானது. குமிழைத் திருகும்போது பிலிம் முடிந்தால் விரலுக்கு உடனே தெரியும். ட்ரிகருக்கு நெம்புபலம் அதிகம். பிலிம் முடிந்தது தெரியாமல் இழுத்தால் துளைகள் கிழியும், அல்லது டப்பாவிலிருந்து பிலிமே பிய்ந்து வந்துவிடும். பிய்ந்தால் இருட்டறையில்தான் திறக்க முடியும். ஆகவே புது ரோல் போட்டு இரண்டு வெற்று ஃப்ரேம் ஓட்டியதும் எண்ணும் வட்டை மறக்காமல் பூஜ்யத்தில் வையுங்கள். 3சி, 3எஃப் இரண்டிலும் அது தானாகத் திரும்பாது. 34க்கு மேல் நான் ட்ரிகரைத் தொடுவதில்லை, கடைசி இரண்டையும் குமிழால்தான்.

வறண்ட ஊர்களில் பிலிமை வேகமாக இழுத்தால் நிலைமின்சாரம் பொறிந்து நெகட்டிவில் மின்னல் மாதிரிக் கோடு விழும். நம் கடற்கரைக் காற்றில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. நமக்கு வேறு பயம்.

படி 7: உப்புக்காற்று

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. என் கேமரா தோல் உறையில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது, அல்லது அப்படி நினைத்திருந்தேன். பொங்கல் கழித்துத் திறந்தால் லென்ஸில் சிலந்தி வலை போல் பூஞ்சை, திருகுகளின் தலையில் பச்சை. தோல் உறை ஈரத்தைக் குடித்துக் கேமராவுக்கே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து உறை அலமாரியில், கேமரா காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு.

வைண்டருக்கு இது இன்னும் பொருந்தும். கடற்கரையில் மணல்மேல் பையை வைக்கும்போது முதலில் மணல் ஒட்டுவது அடியில்தான், லீவரின் மடிப்பில். வீட்டுக்கு வந்ததும் மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் உப்புப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். லீவர் இறுகினால் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டு விடுவது நம் வீட்டு வழக்கம். கேமராவில் வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஊர்ந்து ஷட்டருக்குப் போய்விடும்.

நம் கரை கிழக்குப் பார்த்தது என்பதையும் மறக்காதீர்கள். உதயத்தில் லென்ஸைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் துணி ஷட்டரில் பொத்தல் விழும். மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள்.

பழைய அடித்தட்டை எங்கும் போட்டுவிடாதீர்கள். கேமராவை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது வைண்டரையும் அடித்தட்டையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டையும் மாட்டி ஷட்டர் ஏறுவதைப் பார்த்துத்தான் அவர்கள் திருப்பித் தர வேண்டும். நான் என் தட்டைப் பனியன் துணியில் சுற்றி, பழைய பிஸ்கட் டின்னில், உடல் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அந்தப் பொருந்தாத ஸ்க்நூவும் கிடக்கிறது. 133 மி.மீ. உடல் வைத்திருக்கிற யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடுவேன், ஸ்கேலை அவர்களே கொண்டுவர வேண்டும்.